மஸ்டாங் ஜிடியின் பின்னால் 305 டயர்: 21,000 கி.மீ. ஓடிய பிறகு

வண்டி ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, 2018-ல் எடுத்தது. 5.0 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக், பின்சக்கர இழுவை. கம்பெனி அளவு முன்னால் 9 அங்குல ரிம்மில் 255/40 ஆர்19, பின்னால் 9.5 அங்குல ரிம்மில் 275/40 ஆர்19 (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-ல், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம், கடைசி ரிம் விட்டம் அங்குலத்தில்). பின்னால் மட்டும் 11 அங்குல அலாயும் 305/35 ஆர்19 டயரும் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. பெரும்பாலும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், தர்மபுரி என்று 44-ம் எண் நெடுஞ்சாலை ஓட்டம்தான். மாதம் ஓரிரு முறை தொப்பூர் கணவாய் இறங்கி சேலம், எப்போதாவது பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்.

பழைய 275-ல் இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தால், சக்கரம் வழுக்குவதைக் காட்டும் டிராக்‌ஷன் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். 305-ல் காய்ந்த ரோட்டில் அது அணைந்தே கிடக்கிறது. தொப்பூர் ஏற்றத்தில் லாரியைத் தாண்டும்போது வண்டியின் பின்பக்கம் தரையைப் பிடித்துக்கொண்டு தள்ளுவது நன்றாகவே தெரிகிறது. செலவழித்ததற்கு உருப்படியாகக் கிடைத்த பலன் இதுதான்.

டயரின் மொத்த விட்டத்தை முதலில் கணக்குப் பார்த்துவிட வேண்டும். 275/40 ஆர்19 சுமார் 703 மி.மீ., 305/35 ஆர்19 சுமார் 696 மி.மீ. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் அடங்குவதால் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எதுவும் குழம்பவில்லை. பழைய 9.5 ரிம்மிலேயே 305-ஐ ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றக் கூடாது. பக்கச்சுவர் உள்ளே இறுக்கப்பட்டு நடுப்பகுதி உப்பிவிடும். வளைவில் டயர் நெளியும், நடுவில் மட்டும் தேயும்.

அகலத்தைவிடப் பெரிய விஷயம் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்பது. இ.டி. என்று குறிப்பார்கள்; எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். பழைய பின் ரிம் 9.5 அங்குலம், இ.டி. 52.5. புதியது 11 அங்குலம், இ.டி. 52. கணக்குப் போட்டால் ரிம் உள்பக்கம் 18.5 மி.மீ., வெளிப்பக்கம் 19.5 மி.மீ. கூடுதலாக வருகிறது. இ.டி. 40 ரிம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் வெளிப்பக்கம் இன்னும் 12 மி.மீ. தள்ளி, டயர் ஃபெண்டர் விளிம்பைத் தாண்டி நிற்கும். முதல் பெரிய பள்ளத்திலேயே அந்த விளிம்பு டயரின் தோள்பட்டையைச் சீவிவிடும். ரிம்முக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பழைய சக்கரத்தை மாட்டியபடியே, டயருக்கும் உள்பக்க சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். மேலே சொன்ன 18.5 போக, குறைந்தது 6 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும்.

மாட்டியபின் உரசுகிறதா என்று பார்க்க சாக்பீஸ் போதும். டயரின் இரு தோள்பட்டையிலும் சுற்றிலும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, டேங்க் நிறைய பெட்ரோல், நான்கு பெரியவர்கள், டிக்கியில் சாமான் என்று முழுச் சுமையோடு நாலைந்து வேகத்தடை ஏறி இறங்குங்கள். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசியிருக்கிறது. எதிரே ஃபெண்டரின் உள்பக்க பிளாஸ்டிக் உறையான லைனரிலும் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். இந்த வண்டியில் வலப்பக்க லைனரின் பின்மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்தது. லைனரைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்து பிளாஸ்டிக் உள்ளே பிதுங்கியதுதான் காரணம். கிளிப்பை மாற்றியதும் கோடு நின்றுவிட்டது. காலியான வண்டியில் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனே இல்லை.

ரிம்மின் நடுத்துளை உட்காரும் ஹப்பின் விட்டம் 70.5 மி.மீ. வெளியில் வாங்கும் ரிம்கள் பல வண்டிக்குப் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். இடைவெளிக்கு ஹப் ரிங் போடாவிட்டால் 100 கி.மீ. வேகம் தாண்டியதும் அதிர்வு வரும். பின்சக்கர அதிர்வு ஸ்டீயரிங்கைவிட சீட்டில்தான் அதிகம் தெரியும். அதைப் பேலன்சிங் கோளாறு என்று நினைத்து ஈயக்கட்டி ஒட்டிக்கொண்டே போவார்கள். ரிங் போட்டால்தான் சரியாகும்.

நட் எம்14x1.5. ரிம்மின் இருக்கை கூம்பு வடிவமா என்று பார்த்து அதற்கேற்ற நட் வாங்க வேண்டும். கடைசி இறுக்கத்தை இம்பேக்ட் கன்னில் விடக் கூடாது. டார்க் ரெஞ்சில் 204 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை. புது அலாயில் பெயின்ட் அமுங்கி நட் சற்றுத் தளர்வது சகஜம்.

எடையை மாங்காய் மண்டி தராசில் போட்டே பார்த்துவிடலாம். வார்த்தபின் உருட்டி அழுத்தி மெலிதாக்கிய ஃப்ளோ ஃபார்ம் அலாய் என்பதால் பழைய சக்கரத்தைவிட அரைக் கிலோதான் கூடுதல். சாதா வார்ப்பு ரிம்மாக இருந்தால் இதே அளவில் சில கிலோ ஏறும், குண்டும் குழியுமான ரோட்டில் பின்பக்கம் குதிக்கும்.

குறை என்று சொன்னால் முதலில் வளைவு. பின்னால் பிடிப்பு கூடிவிட்டது, முன்னால் 255 அப்படியே இருக்கிறது. அதனால் ஒகேனக்கல் இறக்கத்தின் கொண்டைஊசியில் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளியே ஓடுகிறது. மஸ்டாங்கின் வேக ரகமான ஷெல்பி ஜிடி350-ல் பின்னால் 305/35 போட்ட ஃபோர்டு, முன்னால் 295/35 போட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மட்டும் மாற்றுவது பாதி வேலை. மிச்சமான பழைய பின் ரிம்மை முன்னால் மாட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் பலிக்காது. அதன் ஆஃப்செட்டால் ரிம் 14 மி.மீ. உள்ளே தள்ளி, முன் சஸ்பென்ஷன் தூணான ஸ்ட்ரட்டை நெருங்கிவிடும்.

அடுத்தது மழை. அதே எடை அகலமான டயரில் பரவுவதால் தண்ணீரைக் கிழித்து ரோட்டைத் தொடும் அழுத்தம் குறைகிறது. ஐப்பசி மழையில் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான தடத்தில் தண்ணீர் நிற்கும். அங்கே 80-க்கு மேல் போனால் பின்பக்கம் மிதக்கும் உணர்வு 275-ஐவிடச் சீக்கிரம் வருகிறது. டயரின் பள்ளம் தேய்ந்து 1.6 மி.மீ. ஆகும் வரை சட்டப்படி ஓட்டலாம் என்றாலும் இந்த அகலத்துக்கு 3 மி.மீ.-லேயே மாற்றிவிடுவது நல்லது. காய்ந்த நாளிலும் அதே லாரித் தடம் டயரைப் பக்கவாட்டில் இழுக்கும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் விட்டுப்பிடிக்கப் பழக வேண்டும்.

தேய்மானம்: பள்ளத்தின் ஆழம் புதிதில் 7.5 மி.மீ.; இப்போது நடுவில் 4.2, உள்விளிம்பில் 3.1. உள்விளிம்பு தேய்ந்ததற்குக் காரணம் அலைன்மென்ட். டயர் மாற்றிய கடையில் முன்பக்கம் மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். மஸ்டாங்கின் பின்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது), கேம்பர் (சக்கரம் சாய்ந்திருப்பது) இரண்டையும் பார்த்தாக வேண்டும். 4,000 கி.மீ. கழித்து எடுத்த பிரின்ட் அவுட்டில் இடது பின்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. சரிசெய்த பிறகு தேய்மானம் சீரானது. முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் டயரைச் சுழற்சி முறையில் மாற்றிப் போடவும் வழியில்லை. பின்னால் ஒன்று கெட்டாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்; விட்டம் வேறுபட்டால் டிஃபரென்ஷியல் சூடாகும்.

கிரானைட் லாரிகள் ஓடும் ஊர் இது. ரோட்டோரம் சிதறும் சில்லுக்கு அகலமான டயர் கூடுதல் இலக்கு. இரண்டு வருடத்தில் மூன்று பஞ்சர், மூன்றும் நடுப்பகுதியில் என்பதால் பிளக் போட்டே தாங்கியது. டயரையே கழற்ற வேண்டி வந்தால் சாதாரணக் கடை மெஷினில் 11 அங்குல ரிம் உட்காராது, வலுக்கட்டாயமாக ஏற்றினால் விளிம்பு கீறும். எந்த அகலம் வரை பிடிக்கும் என்று போனில் கேட்டுவிட்டே ஓசூருக்குக் கிளம்ப வேண்டும்.

காற்று நான்கிலும் 32 பிஎஸ்ஐ, காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்தது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 36, 37 காட்டும். அப்போது இறக்கிவிடக் கூடாது.

சட்ட விஷயம்: மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கிய பிறகே மாட்டுங்கள். கம்பெனி ரிம் நான்கையும் விற்காமல் வைத்திருப்பதும் அவசியம்.

டயர் வாங்கும்போது 102ஒய் என்ற குறியீட்டைப் பாருங்கள்; எண் தாங்கும் சுமை, எழுத்து வேக வரம்பு. பழையது 101ஒய், அதாவது ஒரு டயருக்கு 825 கிலோ. அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு தயாரான வருடம், முதல் இரண்டு வாரம். இந்த அளவு டயர் அதிகம் விற்காததால் குடோனில் இரண்டு வருடம் கிடந்த சரக்கு வர வாய்ப்புண்டு. பில் போடும் முன் இரண்டு டயரிலும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள்.