டி.வி. பாயின்ட் மாற்றும் வேலை: திருவான்மியூர் கடை ஒன்றின் சேவை

ஹாலில் மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருந்த டி.வி.யைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றவும், மாமியாரின் அறையில் புதிதாக ஒரு பாயின்ட் போடவும் திருவான்மியூரில் உள்ள ஒரு சிறிய எலக்ட்ரிக்கல் கடையை நாடினோம். வேலை முடிந்து ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்டது, இரண்டு டி.வி.களிலும் படம் தெளிவாக வருகிறது. இரண்டு குறைகள் இருந்தாலும், இவர்களை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் பிடித்துப்போனது, மொட்டை மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பார்க்காமல் அவர்கள் விலை பேசவில்லை என்பது. இவர்களுக்கு முன் விசாரித்த இடத்தில், இருக்கும் கேபிளில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு அறைக்கும் பிரித்துவிடலாம் என்றார்கள். இந்தக் கடையின் மெக்கானிக் அது சரிப்படாது என்று காரணத்தோடு விளக்கினார். டிஷ்ஷின் முனையில் இருந்து சிக்னலை வாங்கிக் கொடுக்கும் கருவியான எல்.என்.பி.க்கு மின்சாரம் செட் டாப் பாக்ஸிலிருந்து அதே கேபிள் வழியாகத்தான் செல்கிறது. அது 13 வோல்ட்டா 18 வோல்ட்டா என்பதை வைத்தே செங்குத்து அலையை எடுப்பதா, கிடைமட்ட அலையை எடுப்பதா என்று எல்.என்.பி. மாறிக்கொள்கிறது. ஆகவே இரண்டு அறைகளிலும் வெவ்வேறு சேனல் பார்க்கும் வீட்டில் ஒரே கேபிளைப் பிரித்தால், ஒரு பாக்ஸ் கேட்பது மற்றொன்றைக் கெடுத்துவிடக்கூடும். அதோடு, கேபிள் டி.வி.க்கென்று விற்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர் ஏறத்தாழ 1000 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமே செய்யப்பட்டது; டிஷ்ஷிலிருந்து இறங்குவதோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிக்னல். இரண்டு வெளிவாய் கொண்ட எல்.என்.பி.யை மாட்டி, அறைக்கொரு தனிக் கேபிள் இறக்குவதே சரியான வழி என்றார், அப்படியே செய்தார்.

வேலையின் தரம் கனெக்டர்களில்தான் தெரிந்தது. பழைய கனெக்டர் கடற்காற்றில் அரித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. புதிய ஆர்.ஜி. 6 கேபிளின் மேலுறையைச் சீவி, உள்ளே இருந்த வலைக்கம்பியைப் பின்னால் மடக்கி, அதில் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடவில்லை என்பதை டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கனெக்டரை அழுத்தினார். "நடுவுல ஜாயின்ட் வேணாம் மேடம், மழை வந்தா அங்கதான் தண்ணி இறங்கும்" என்று சொல்லி, மாடியிலிருந்து சுவர்ப் பெட்டி வரை ஒரே துண்டாக இழுத்தார். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் அதைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டிருப்பதால், வழிந்து வரும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடுகிறது.

மாமியாரின் அறைக்குச் சுவருக்குள் ஏற்கெனவே ஒரு பைப் இருந்தது. ஆனால் அதில் 230 வோல்ட் ஒயர்கள் ஓடியதால், டி.வி. கேபிளை அதற்குள் விட மெக்கானிக் உறுதியாக மறுத்துவிட்டார். அதனால் கேபிளை மூடும் வெள்ளைக் கேசிங் தரையோரமாக ஓடுவது கண்ணுக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காத அந்த உறுதியை மதிக்கிறேன். முடித்ததும் இரண்டு பாக்ஸிலும் சிக்னல் அளவையும் தரத்தையும் திரையில் காட்டிவிட்டு, கனமழையில் படம் சிறிது நேரம் நின்றுபோனால் அது மழை அலையைத் தடுப்பதால் வருவது, கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிச் சென்றார்.

இனி குறைகள். சொன்ன நாளில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "நாளைக்கு" என்ற பதிலே வந்தது. ஹாலில் புதிய பெட்டிக்காகச் சுவரை வெட்டிய இடத்தில் வெள்ளை சிமெண்ட் பூசியதோடு நிறுத்திக்கொண்டார்கள். பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

கேபிளுக்கு மீட்டர் கணக்கு, பாயின்டுக்குத் தனிக் கூலி, எல்.என்.பி.க்கு அட்டையில் அச்சிட்ட விலை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். பில்லும் அதைத் தாண்டவில்லை. இரண்டாவது செட் டாப் பாக்ஸுக்கான இணைப்புக் கட்டணத்தை மட்டும் டி.டி.எச். நிறுவனத்துக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்தின் அனுமதியையும் மொட்டை மாடிச் சாவியையும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டு இவர்களை அழைப்பது நல்லது.