ஆல்டோ 800 ஏசி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பைபாஸில் 60-ல் போனால் ஜில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. ஆல்டோ 800 வைத்திருப்பவர்கள் சொல்லும் புகாரில் பாதி இதுதான். ஏசி கடைக்குப் போனால் கிடைக்கும் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சு விட்டுடலாம்." இந்தக் காரின் ஏசியையும், அதைச் சரிசெய்கிறோம் என்று கடைகளில் விற்கப்படும் வேலைகளையும் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம். கேஸ் அந்த வரிசையில் கடைசியில்தான் வர வேண்டும்.

முதலில் காரைப் பற்றி. 2012-ல் வந்து 2023-ல் நிறுத்தப்பட்ட வண்டி, ஆனாலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்றும் குறைவில்லை. அடிப்படை எஸ்டிடி மாடலில் ஏசியே கிடையாது, எல்எக்ஸிலிருந்துதான் ஆரம்பம். 796 சிசி, மூன்று சிலிண்டர், 48 பி.எஸ். ஏசி கம்ப்ரசர் இதிலிருந்து இரண்டு மூன்று குதிரைத்திறனை எடுத்துக்கொண்டால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறுவது பழுதல்ல, கணக்கு அவ்வளவுதான். உள்ளே இடம் சிறியது என்பதால் இரண்டு பேர் போகும்போது சீக்கிரம் குளிர்கிறது. நான்கு பெரியவர்கள் ஏறினால் பின்சீட்டுக்காரர் பாடு கஷ்டம்தான். பின்னால் தனி வென்ட் இல்லை. நடு வென்ட் இரண்டையும் மேல்நோக்கித் திருப்பி வைத்தால் குளிர்காற்று கூரையை ஒட்டிப் பின்னால் போய் இறங்கும். முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வதைவிட இது எல்லோருக்கும் நல்லது.

கடைக்குப் போகுமுன் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். நீள முனை உள்ள டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் போதும். காரை நிழலில் நிறுத்தி, உள்காற்றுச் சுழற்சியில் போட்டு, டெம்பரேச்சர் திருகை முழுக் குளிரில் வைத்து, ப்ளோயரை இரண்டில் விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்.பி.எம் அளவில் பத்து நிமிடம் பிடியுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது நடு வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வந்தால் சிஸ்டம் நன்றாகவே இருக்கிறது. பிறகு ஐடிலில் விட்டுப் பாருங்கள். மூன்று நான்கு டிகிரி ஏறினால் சகஜம். ஐந்து நிமிடத்தில் 20-ஐத் தாண்டினால் பிரச்சினை பெரும்பாலும் பானெட்டுக்கு முன்பக்கம் இருக்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் அளவு சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும். காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக மாற்றவே, டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் சக்தியில் ஒரு பங்கு போய்விடுகிறது. திருச்சியில் அதே கார் இன்னும் குளிராகத் தெரியும்.

இப்போது அந்த முன்பக்கம். உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுவது கண்டன்சர். ஓடும்போது எதிர்காற்று அதைக் குளிர்விக்கும், நின்றால் ஃபேன்தான் கதி. ஏசி போட்டுவிட்டு, கிரில்லுக்கு முன்னால் ஒரு நோட்டுப் பேப்பரைப் பிடியுங்கள். உள்நோக்கி இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தொய்ந்து விழுந்தால் மோட்டார் பலவீனம். எதிர்ப்பக்கம் தள்ளினால் மோட்டார் மாற்றியவர் இரண்டு ஒயர்களையும் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பார்ப்பவருக்குத் தப்பு தெரியாது, ஆனால் எதிர்காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மோட்டார் பலவீனம் என்று முடிவு கட்டுமுன் அதன் கனெக்டரில் மல்டிமீட்டரை வையுங்கள். எஞ்சின் ஓடும்போது 13 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். 12-க்குக் கீழே என்றால் ரிலே முனை கருகியிருக்கிறது அல்லது எர்த் சரியில்லை. அங்கே புது மோட்டார் போட்டாலும் பழைய கதைதான்.

கண்டன்சர் வாஷ் என்று ஒரு வேலை விற்கப்படுகிறது. வாங்கலாம், ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஹை பிரஷர் துப்பாக்கியை அரை அடியில் வைத்து அடித்தால் தகடு போன்ற ஃபின்கள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். உண்மையான அழுக்கு முன்னால் இருப்பதில்லை. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி, முடி, பூச்சி எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். ரேடியேட்டரின் மேல் பிராக்கெட்டைக் கழற்றிச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, சாதாரண ஹோஸ் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் விட்டால்தான் அது வெளியே வரும். எஞ்சின் ஆறிய பிறகு செய்ய வேண்டிய வேலை. இதே நேரத்தில் கண்டன்சரின் பக்கவாட்டில் ஸ்பாஞ்ச் பட்டைகளும் பிளாஸ்டிக் தடுப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பம்பர் வேலை செய்த கார்களில் இவை காணாமல் போயிருக்கும். அவை இல்லாவிட்டால் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றே சுற்றி வந்து மறுபடியும் கண்டன்சருக்குள் நுழையும், அதுவும் வண்டி நிற்கும்போதுதான். கடையில் ஸ்பாஞ்ச் பட்டை வாங்கி ஒட்டும் செலவு ஒரு டீ டிபன் செலவு. கிரில்லில் பூச்சி வலை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். கூடுதல் ஃபேன் மாட்டலாம் என்று சொன்னால், இருக்கும் ஃபேன் முழுவேகத்தில் சுற்றுவது உறுதியாகும்வரை வேண்டாம்.

அடுத்தது பலரும் யோசிக்காத இடம்: ஹீட்டர். எஞ்சினின் சூடான கூலன்ட் ஓடும் ஹீட்டர் காயில் ஏசி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. குளிர்ந்த காற்று அதன் வழியே போகாமல் தடுப்பது ஒரு மடிப்புக் கதவும் அதை இழுக்கும் ஒரு கேபிளும்தான். கேபிளின் கிளிப் சில மில்லிமீட்டர் நழுவினால் கதவு முழுதாக மூடாது. கூலிங் காயில் என்னதான் குளிர்ந்தாலும் வென்ட்டில் கலப்படக் காற்றுதான் வரும். சோதிப்பது எளிது. எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களில் உள்ளே போகும் ஹோஸை மென்மையான கிளாம்ப்பால் நெருக்கிப் பத்து நிமிடம் ஏசி ஓட்டுங்கள். வென்ட் அளவு மூன்று நான்கு டிகிரி இறங்கினால் குற்றவாளி அங்கேதான். கிளிப்பைத் தளர்த்தி, கதவின் லீவரைக் கையால் முழுக் குளிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி மாட்டினால் முடிந்தது. வென்ட்டிலிருந்து கறுப்பு ஸ்பாஞ்ச் துகள்கள் பறந்து வந்தால் கதவின் ஓர ஸ்பாஞ்சே உதிர்ந்துவிட்டது. அதற்குப் பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும்.

கேபின் ஃபில்டர் விஷயம் சுருக்கமானது. சின்ன கார்கள் சிலவற்றில் கம்பெனியே ஃபில்டர் போட்டிருக்காது, சிலவற்றில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். இருந்தால் சில நூறு ரூபாய் செலவில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் தூசி நேராகக் கூலிங் காயிலில் படியும். ப்ளோயர் நாலில் சத்தம் போடும், காற்று வராது. இடதுபக்கக் கால் மிதியடி நனைந்தால் டிரெயின் குழாய் அடைப்பு. அடியிலிருந்து ஊதினாலே திறந்துகொள்ளும்.

இனி கேஸ். இதில்தான் காசும் அதிகம் போகிறது, கெடுதலும் அதிகம் நடக்கிறது. இந்த வகைக் கார்களில் இருப்பது ஆர்-134ஏ. சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராமில் எழுதியிருக்கும். சின்ன கார்கள் பலவற்றில் அது 300 முதல் 450 கிராமுக்குள் அடங்கிவிடும். கடையில் இருக்கும் ஒரு டின்னே 450 கிராம் அளவு. "ஒரு டின் போட்டுட்டேன்" என்று சொல்பவர், ஏற்கெனவே பாதி இருந்த சிஸ்டத்தில் ஒன்றரை மடங்கு திணித்துவிட்டார். கூடுதலானால் அழுத்தம் ஏறும், ஐடிலில் கூலிங் இன்னும் குறையும், கம்ப்ரசர் சூடாகும். எடை மெஷினில் டின்னை வைத்துப் போடுகிறாரா என்பதுதான் கடையைத் தேர்ந்தெடுக்க முதல் கேள்வி.

எஞ்சின் நிற்கும்போது கேஜ் வைத்து, "100 காட்டுது, கேஸ் ஃபுல்" என்று சொன்னால் நம்பாதீர்கள். 30 டிகிரி சூட்டில் ஆர்-134ஏ திரவமாக ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் கேஜ் 97 பி.எஸ்.ஐ பக்கம்தான் காட்டும். அது வெப்பநிலையின் அளவு, கேஸின் அளவல்ல. ஓடும்போது பார்க்க வேண்டும். 35 டிகிரி வெயிலில் 1500 ஆர்.பி.எம்மில் லோ சைடு (கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கம்) 30-40 பி.எஸ்.ஐ, ஹை சைடு (வெளியே வரும் பக்கம்) 200-250 இருந்தால் சரி. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டன்சருக்குக் காற்றுப் போதவில்லை அல்லது கேஸ் அதிகம். லோ ஏறி ஹை இறங்கினால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. லோ சைடு வேக்கத்தை நோக்கி, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே, இறங்கிச் சிறிது நேரம் விட்டு மீண்டும் ஏறினால் உள்ளே ஈரம் இருக்கிறது; எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் பனிக்கட்டி கட்டி உருகுகிறது.

கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் அடிப்பது மாத வாடகை மாதிரி. நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவிப் பார்ப்பது, புற ஊதா சாயம் போடுவது, இரண்டுமே நல்ல முறை. ஜாயின்ட்களில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் அதுவே துப்பு. கசிவை அடைக்கும் டின் ஒன்று விற்கிறார்கள், வேண்டவே வேண்டாம். கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷினையும் அது சேர்த்து அடைக்கும்; நல்ல கடைக்காரர் பிறகு உங்கள் காரைத் தொடமாட்டார்.

சிஸ்டத்தைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும், ஜாயின்ட்களில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்களும் புதிதாக வேண்டும். கண்டன்சர் மாற்றினால் 20-30 மில்லி பேக் ஆயிலும் (PAG, கம்ப்ரசர் எண்ணெய்) சேர்க்க வேண்டும். அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. கேஜ் 29 அங்குல (பாதரச அளவு) வேக்கத்தைத் தொட்டால்தான் 25 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வேக்கம் பம்ப்பாக வைத்திருக்கும் கடைகள் நிறைய உண்டு. அதை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு "வேக்கம் போட்டாச்சு" என்பார்கள். பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் முள் நகராமல் நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மலிவு டின்களில் ஆர்-134ஏ என்ற லேபிளுக்குள் எல்பிஜி போன்ற எரியக்கூடிய வாயு கலந்து வருவதும் உண்டு. குளிரும், ஆனால் கசிவது டாஷ்போர்டுக்குள் என்றால் ஆபத்து.

வேறொரு அறிகுறியையும் கேஸ் தலையில் கட்டுவார்கள்: அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு கம்ப்ரசர் நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். இது பல நேரம் மேக்னட் கிளட்ச்: மின்காந்தக் காயிலால் தட்டை இழுத்துக் கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு சேர்க்கும் பாகம். தேய்ந்து தேய்ந்து இடைவெளி கூடிவிட்டால் சூடான காயிலால் தட்டை இழுக்க முடியாது. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே சரியாகும் இடத்தில் புது கம்ப்ரசர் விற்றுவிடுவார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரசர் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் கவிழ்த்து எண்ணெயை வெள்ளைத்தாளில் விடுங்கள். கறுப்பாகவோ அலுமினியப் பொடி மினுங்கியோ வந்தால் விட்டுவிடுங்கள்.

சூரியனைத் தடுக்கும் பொருள்களில், முன் கண்ணாடிக்கு உட்புறம் வைக்கும் வெள்ளி ஷேடுக்குத்தான் என் ஓட்டு. விலையும் குறைவு, டாஷ்போர்டு அடுப்பாவதும் தடுபடும். ஃபிலிம் விஷயத்தில், 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, பிறகு விதிகள் திருத்தப்பட்டன. முன்பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற கணக்கு நிற்கிறது. கறுப்பு அடர்த்திக்கும் வெப்பத் தடுப்புக்கும் நேரடிச் சம்பந்தமில்லை, அகச்சிவப்பைத் தடுக்கும் தெளிவான ஃபிலிம்தான் வேலை செய்யும். ஜன்னலில் மாட்டும் சோலார் ஃபேன் பொம்மை. வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுப் பிறகு ஏசி போடுவது அதைவிடப் பலமடங்கு மேல்.

ஹீட்டர் நம் சமவெளியில் மறந்துபோன பொருள், ஊட்டி, கொடைக்கானல் போனால்தான் நினைவு வரும். சூடு வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைத் தேடுங்கள். "எஞ்சின் சூடாகாம இருக்கும்" என்று அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். 82 அல்லது 88 டிகிரியில் திறக்க வேண்டிய அந்தச் சின்ன வால்வு இல்லாவிட்டால் மலைக்குளிரில் கூலன்ட் சூடேறவே ஏறாது, மைலேஜும் அடிபடும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய கார்களில் ஹீட்டர் காயில் துருவால் அடைத்திருக்கும். ஒரு ஹோஸ் சுடும், மற்றது வெதுவெதுப்பாக இருக்கும். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் ஹீட்டர் ஆன்லைனில் விற்கிறது. அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் 15 ஆம்பியர் என்றால் அதிகபட்சம் 180 வாட். கார் ஹீட்டர் தருவது கிலோவாட் கணக்கில். கண்ணாடியில் பனி படிந்தால் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்கள்: காற்று கண்ணாடிப்பக்கம், வெளிக்காற்று, திருகு சூட்டில். ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும்.

செகண்ட் ஹேண்ட் ஆல்டோ வாங்குகிறவர்கள் பானெட்டைத் திறந்து அந்த இரண்டு ஹீட்டர் ஹோஸ்களும் ஃபயர்வாலுக்குள் போகின்றனவா என்று பாருங்கள். பலரும் கசிவுக்குப் பயந்தோ கூலிங் கூடும் என்றோ இரண்டையும் ஒரே குழாயாக இணைத்து பைபாஸ் செய்திருப்பார்கள். அப்படியிருந்தால், ஹீட்டர் காயில் கசிந்ததா என்று கேட்டு, அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஹோஸின் நடுவில் சின்ன வால்வு ஒன்றை மாட்டிக்கொண்டால் கோடையில் மூடி, மலைக்குப் போகும்போது திறந்துகொள்ளலாம்.