காயலான் கடை விளக்குகள்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

பழைய பைப்பிலும் பிரேக் டிஸ்க்கிலும் விளக்கு செய்து மாட்டியவர்களின் படங்கள் இணையத்தில் நிறைய. எல்லாம் மாட்டிய அன்று எடுத்தவை. இரண்டு மூன்று ஐப்பசி அடைமழை தாண்டிய பிறகு அவை எப்படி இருக்கின்றன என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. திருவான்மியூரில், கடற்காற்று நேராக வீசும் தெருவில் என் வீடு. சுவரில் மாட்டிய எந்த இரும்பையும் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடுமையான இடம் தேவையில்லை.

முதலில் படிப்பு மேசை விளக்கு. அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), அதை இணைக்க இரண்டு எல்போ, ஒரு டீ, அடியில் காரின் பிரேக் டிஸ்க். பைப் துண்டுகள் பழைய கட்டடம் இடித்த இடத்திலிருந்து வந்தவை. டிஸ்க் புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கியது. நாலைந்து கிலோ கனமிருப்பதால் விளக்கு அசையாது. அடியில் ஃபெல்ட் ஒட்டாவிட்டால் மேசைதான் கீறும். பைப்பின் துத்தநாகப் பூச்சு இன்றுவரை அப்படியே இருக்கிறது. மரை வெட்டிய இடங்களில் மட்டும் பூச்சு போய்விடுவதால் அங்கே துரு எட்டிப் பார்க்கிறது.

பட்டறையில் "எதுக்கு சார் மரை, வெல்டு வெச்சிடலாம்" என்பார்கள். ஜி.ஐ. பைப்பை அப்படியே வெல்டு வைத்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரலாம். மரையிலேயே இணைப்பது வேலை செய்பவருக்கும் நல்லது, பின்னால் கழற்றி வயர் மாற்றவும் வசதி. தண்ணீர் ஓடப்போவதில்லை என்பதால் டெஃப்லான் டேப் வேண்டாம். அது எர்த் தொடர்ச்சிக்கு இடைஞ்சலும்கூட.

எர்த் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். மேசை விளக்குக்கு இரண்டு கோர் வயர் போதும் என்று கடைக்காரர் கொடுத்துவிடுவார். பிளாஸ்டிக் விளக்கென்றால் சரி. முழுக்க உலோகமான விளக்கில் உள்ளே வயர் உரிந்தால் பைப் முழுவதும் கரண்ட். என் விளக்குகள் எல்லாமே மூன்று கோர் வயர்தான். எர்த்துக்கான பச்சை வயரின் நுனியில் ரிங் லக் (வளைய முனை) வைத்து, பெயின்டைச் சுரண்டிய இடத்தில் திருகால் இறுக்கியிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை மல்டிமீட்டரை வைத்து, பிளக்கின் எர்த் முனைக்கும் விளக்கின் தலைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன். பைப்பை அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அரத்தால் தேய்த்து, வயர் வெளியே வரும் இடத்தில் ரப்பர் புஷ் போட்டால்தான் இன்சுலேஷன் தப்பிக்கும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், விளக்குக்குச் செலவழிப்பதற்கு முன் அதை மாட்டுங்கள்.

அழகில் என் ஓட்டு சமையலறையில் தொங்கும் பித்தளைச் சிப்பலுக்கு. சோறு வடித்த பழைய சிப்பல், உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியது. கவிழ்த்துத் தொங்கவிட்டு நடுவில் ஹோல்டர். ஈயப்பூச்சு வெளிச்சத்தை வெள்ளையாகக் கீழே தள்ளுகிறது, ஓட்டைகள் வழியே சுவரெல்லாம் புள்ளிப் புள்ளியாய் ஒளி. முதலில் மேலே கிளியர் லாக்கர் அடித்திருந்தது. சமையலறை ஆவியில் அது ஓரமாய் உரிந்து, உரிந்த இடம் கறுத்து, உரியாத இடம் பளபளத்து, பார்க்கச் சகிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு வெறும் பித்தளையாக விட்டபின் ஒரே சீராகப் பழுப்பேறிவிட்டது. அம்மாவுக்கு அது அழுக்கு. பொங்கலுக்கு முன் புளி போட்டுத் தேய்த்துவிடுவார், தை முடிவதற்குள் மறுபடி பழுப்பு.

வாசலில் இருப்பது உடைத்த கப்பலிலிருந்து வந்த பித்தளைக் கூண்டு விளக்கு. குஜராத்தின் அலங்கில் உடைபடும் கப்பல்களின் சாமான்கள் வியாபாரிகள் வழியாக ஊர் ஊராகப் போகின்றன. கடலுக்கென்றே செய்த பொருள், எங்கள் தெருவின் உப்புக்காற்று அதற்கு ஒன்றுமில்லை. அங்கங்கே பச்சை பூத்ததோடு சரி. வரும்போது அதிலிருந்த இரும்புத் திருகுகள்தான் துருப்பிடித்துச் செத்தன. பித்தளையோடு ஒட்டிய இரும்பு உப்பு ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும், பித்தளைத் திருகே போட வேண்டும். பழைய கப்பல் சாமானின் கேஸ்கெட்டிலும் (தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் வளையம்) வயர் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். நனைத்து எடுத்துவிட்டு சிலிக்கான் கேஸ்கெட் போடுங்கள். காற்றோட்டமில்லாத இந்தக் கூண்டுக்குள் 9 வாட் எல்.இ.டி. சூட்டில் அடிக்கடி உயிரை விட்டது. 5 வாட்டுக்கு இறங்கிய பிறகு நிற்கிறது.

பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், முக்கியமாகக் குழந்தைகள் உள்ள வீட்டில். வீட்டு பெயின்டில் காரீயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். தண்ணீர் தொட்டு உப்புத்தாள், முகத்தில் நல்ல மாஸ்க்.

துருவுக்குக் கடையில் விற்கும் ரஸ்ட் கன்வெர்ட்டரோடு (துருவையே கறுப்புப் பூச்சாக மாற்றும் திரவம்), கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்த தண்ணீரையும் பூசிப் பார்த்தேன். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டேனின் துருவோடு சேர்ந்து நல்ல கருநீலக் கறுப்பு தருகிறது. மேலே தேன்மெழுகு தடவினால் அறைக்குள் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. பால்கனியில் ஒரு மழைக்குக்கூட நிற்கவில்லை.

குளியலறை டவல் ராடுதான் தோல்வி. ரெட் ஆக்சைடு, மேலே எனாமல் என்று முறையாகப் பூசிய சாதாரண இரும்புக் கம்பி அது. ஈரத்துண்டு தொங்கும் இடத்தில் பெயின்ட் கொப்புளித்து, வெள்ளைத் துண்டெல்லாம் செம்மண் கறை. இப்போது அங்கே காயலான் கடையிலேயே கிடைத்த எவர்சில்வர் குழாய். காந்தம் ஒட்டாததாகப் பொறுக்கி எடுத்தது. பித்தளை என்று விற்பதையும் அதே காந்தத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முலாம் பூசிய இரும்பு உடனே ஒட்டிக்கொள்ளும்.