நிலாவெளிக் கடலுக்கு எந்த இயர் ப்ளக் வாங்கலாம்?

மே தொடங்கி செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் அடங்கிக் கிடக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பிள்ளைகள் பொழுதுபடும்வரை தண்ணீருக்குள்தான். தண்ணீர் தேங்கிக் காதுத் துவாரத்தில் தொற்றி வரும் காதுநோவும் அந்தக் காலத்தில்தான் கூட. அதைத் தடுக்கவென்று விற்கப்படும் மூன்று வகை இயர் ப்ளக்கையும், காதை உலர்த்தும் துளிமருந்தையும் இங்கே பார்ப்போம்.

ஸ்பொன்ஞ் ப்ளக்கை முதலிலேயே தள்ளிவிடுங்கள். அது சத்தத்தை மறைக்கச் செய்தது. தண்ணீரை உறிஞ்சிக் காதுக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும்.

தட்டுத் தட்டாக அடுக்கிய சிலிக்கன் ப்ளக் நீச்சல் தடாகத்துக்குப் பரவாயில்லை. மறு கையால் காதுமடலை மேலாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகிச் செருக வேண்டும். அளவு பொருந்தாவிட்டால் வீண்காசு. கடற்கரையில் இன்னொரு தொல்லை: தட்டுகளின் இடுக்கில் மணல் சிக்கும். கழுவாமல் திரும்பச் செருகினால் தோல் உராயும். ஊறிய தோலில் விழும் அந்தக் கீறல் வழியாகத்தான் சூடோமொனாஸ் போன்ற கிருமிகள் இறங்குகின்றன. கொட்டன் பட்ஸ் செய்யும் கேடும் இதுதான். கிருமியைத் தடுக்கும் குறும்பியையும் அது வழித்தெடுத்துவிடும்.

ப்ளக்குகளில் எங்கள் தெரிவு, மாப்போலப் பிசைந்து ஒட்டும் சிலிக்கன். காதும் கையும் காய்ந்திருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று சரியாக ஒட்டாது. உருண்டையை முழுசாக எடுத்துப் பிசைந்து, துவாரத்தின் வாயில் வைத்து, ஓரங்களை விரலால் தட்டையாக்கி மூடுங்கள். உள்ளே தள்ளக் கூடாது. பெரியவர்களுக்கானதைப் பிய்த்துச் சின்னப் பிள்ளையின் காதில் செருகினால் உள்ளே போய்ச் சிக்கும், பிறகு டொக்டர்தான் எடுக்க வேண்டும். சில தடவை போட்டதும் மயிரும் மணலும் ஒட்டிப் பிடிமானம் போய்விடும். அதைக் கழுவிப் பார்த்துப் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவில் மேலே மிதந்து பவளப்பாறை பார்ப்பவர்கள் இதைப் போடலாம். சுழியோடுகிறவர்கள் எந்த ப்ளக்கும் போடவே கூடாது. ப்ளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட காற்றைச் சமப்படுத்த வழியில்லை. ஆழம் போகப்போக ப்ளக் உள்ளே இழுபடும், செவிப்பறை கிழியவும் கூடும்.

எந்த ப்ளக்கும் முழுசாக அடைக்காது. அதனால் துளிமருந்துக்குத்தான் கூட மதிப்பெண். ஐசோப்ரொபைல் அல்கஹோல் ஈரத்தை உலர்த்தும், அசற்றிக் அமிலம் காதின் புளிப்புத் தன்மையை மீட்கும். தெளிந்த வெள்ளை வினாகிரியும் அந்த அல்கஹோலும் சம பங்கு கலந்தால் வீட்டிலேயே ஆகிவிடும். வண்டல் நிற்கும் தென்னை வினாகிரி வேண்டாம். போத்தலைக் கையில் பொத்திச் சூடாக்குங்கள், குளிர்ந்த துளி தலையைச் சுற்றவைக்கும். குளித்து முடிந்ததும் காதுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் விட்டு, தலையைச் சரித்து வடிய விட்டால் போதும். செவிப்பறையில் ஓட்டை, குழாய் வைத்த காது, ஏற்கெனவே நோவு அல்லது சீழ்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தத் துளிமருந்தைத் தொடாதீர்கள். நோகும் காதுக்குள் காய்ச்சிய எண்ணெய் விடவும் கூடாது.

காதுமடலை இழுக்கவோ, துவாரத்துக்கு முன்னே துருத்தி நிற்கும் மொட்டை அழுத்தவோ உயிர்போகிறதென்றால் தடுப்புக் காலம் தாண்டிவிட்டது. டொக்டர் காதைத் துப்புரவாக்கி, சிப்ரொஃப்ளொக்சசின் போன்ற துளிமருந்து எழுதுவார், பெரும்பாலும் 7 நாளுக்கு. பக்கவாட்டில் படுத்துத் துளியை விட்டு, 3 முதல் 5 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். 7 முதல் 10 நாள் கடல் இல்லை, ப்ளக்கும் இல்லை. தலை முழுகும்போது வஸ்லின் பூசிய பஞ்சு போதும். நோவு குறைந்து கடி, அதாவது அரிப்பு மட்டும் மிஞ்சினால் பூஞ்சணமாக இருக்கலாம், அதற்கு இந்த மருந்து கேட்காது. சீனி வருத்தக்காரருக்கு இரவில் தூங்கவிடாத காதுநோவு வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தொற்று எலும்புக்கு இறங்கக்கூடும்.

பார்மசியில் ‘காதுக்கு ஏதாவது தாங்கோ’ என்று கேட்டு ஜென்டாமைசின், நியோமைசின் துளிகளை வாங்கி வராதீர்கள். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் அவை காது கேட்பதையே கெடுக்கும்.