தக்கையா, ஊசலா? ஏப்ரல் ஆற்றில் ஸ்டீல்ஹெட் பிடிக்க எது கைகொடுக்கும்

மார்ச் கடைசியில் பெர் மார்க்கெட் ஆற்றில் இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது என் காலணியைத்தான். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்தால் காலணியின் முனை பளிச்சென்று தெரிகிறதா, பச்சை மங்கலுக்குள் அரைகுறையாகத் தெரிகிறதா, தெரியவே இல்லையா? அன்றைக்கு எந்தத் தூண்டில் கம்பை எடுப்பது என்ற முடிவில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதியை நூலில் கட்டி நீரில் இறக்கும் வெப்பமானி சொல்லும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசந்தகால ஸ்டீல்ஹெட் மீன் பிடிப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. தக்கை கட்டிப் பிடிப்பதா, இரட்டைக் கைக் கம்பால் ஊசல் போட்டுப் பிடிப்பதா? இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் வாதாடும். இரண்டையும் பல வசந்தங்கள் செய்து பார்த்துவிட்டேன். முறையை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு ஆற்றுக்குக் கிளம்புவதுதான் இந்தப் பருவத்தில் ஒருவர் செய்யும் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. ஏப்ரல் மாதத்தில் ஒரே நாளில் ஆறு இரண்டு முறை குணம் மாறுகிறது.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளுக்குக் கொண்டுவரப்பட்ட வானவில் டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஆற்றோடு தங்கிவிடுவது வானவில் டிரவுட். கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புவது ஸ்டீல்ஹெட். பசிபிக் கரையைச் சேர்ந்த இந்த மீனை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகனில் விட்டார்கள். இங்கே அதற்குக் கடலாக இருப்பது மிச்சிகன் ஏரி. மூன்று, நான்கு கிலோ எடையுள்ள வெள்ளி உடம்புடன் அது பனி உருகும் காலத்தில் ஆறேறுகிறது. பெர் மார்க்கெட்டில் இவை தாமாகவே இனம்பெருக்குகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது முக்கியமாகும்.

முதலில் தக்கை. பத்து அல்லது பதினோரு அடி நீளக் கம்பு. தூண்டில் நரம்பில் ஒரு சிறு தக்கை, அதற்குக் கீழே ஆற்றின் ஆழத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மெல்லிய நரம்பு, இடையில் மிளகளவு ஈயக்குண்டுகள் இரண்டு மூன்று, நுனியில் ஃப்ளை. முள்ளின்மேல் நூலும் இறகும் மயிரும் சுற்றி இரையைப்போல் செய்யும் போலிக்குத்தான் ஃப்ளை என்று பெயர். நான் இரண்டு கட்டுவேன். ஒன்று மீன்முட்டையைப்போல் வெளிர் ஆரஞ்சு நிறத்தில், பட்டாணியைவிடச் சிறிய நூலுருண்டை. மற்றது ஆற்றடிச் சேற்றில் வாழும் ஹெக்ஸ் பூச்சியின் இளம்பருவத்தைப்போல் நெளியும் ஒரு பழுப்பு உருவம்.

இதில் நுட்பம் எல்லாம் வேகத்தில் இருக்கிறது. மேல்நீர் விரைந்து ஓடும். அடிநீர் கல்லிலும் கட்டையிலும் உரசிக்கொண்டு மெதுவாகப் போகும். மேல்நீரின் வேகத்தில் தக்கையை விட்டால் அது ஃப்ளையை இழுத்துக்கொண்டு போய்விடும். எனவே நரம்பை அடிக்கடி நீரோட்டத்துக்கு எதிர்ப்புறமாகத் தூக்கிப்போட்டு, பக்கத்தில் மிதக்கும் நுரைக்குமிழிகளைவிடத் தக்கை சற்றே பின்தங்கிப் போகும்படி செய்ய வேண்டும். கடிக்கும்போது தக்கை எப்போதும் முங்கிவிடாது. ஒரு கணம் நிற்கும், அல்லது லேசாகச் சாயும், அவ்வளவுதான். கல் தட்டியதா, மீன் வாய் வைத்ததா என்று யோசித்து முடிப்பதற்குள் அது துப்பிவிட்டுப் போயிருக்கும். சந்தேகம் வந்தாலே கம்பை நீரோட்டம் போகும் பக்கமாகச் சுண்டிவிடுங்கள்.

ஊசல் முறைக்கு 12, 13 அடிக் கம்பை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நரம்பு பறக்க இடம் தேவையில்லாத வீச்சு இது. சிடார் மரங்கள் நீர்வரை இறங்கி நிற்கும் கரைகளில் இது பெரிய வசதி. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆறு இந்த வீச்சுக்குப் பெயர் கொடுத்தது. கனத்த ஃப்ளைகளை வீச உதவும் குட்டையான நரம்புத் தலைக்கு, அதாவது நரம்பின் தடித்த முன்பகுதிக்கு, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் ஆறு பெயர் கொடுத்தது. அதன் முனையில் மூழ்கும் நரம்புத் துண்டு ஒன்றை மாட்டுகிறோம். டி-8, டி-11, டி-14 என்ற எண்கள் அடிக்கு இத்தனை கிரெயின் (மிகச் சிறிய எடை அளவு) என்பதைக் குறிக்கின்றன.

எதிர்க்கரைப் பக்கம் கீழ்ச்சாய்வாக வீசி, நரம்பை ஒருமுறை தூக்கிப்போட்டு மூழ்க இடம் கொடுத்துவிட்டு, பிறகு கையை அசைக்காமல் நிற்க வேண்டும். நீரோட்டம் நரம்பைத் தள்ளத் தள்ள, விரல் நீளமுள்ள ஊதாவும் கறுப்பும் கலந்த ஃப்ளை ஆற்றுக்குக் குறுக்கே வளைந்து வந்து, நீரோட்டத்தில் நமக்கு நேர் கீழே தொங்கி நிற்கும். அதனால்தான் இதை ஊசல் என்கிறேன். இரண்டடி நகர்ந்து மறுபடியும் அதே வீச்சு. மூன்று மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் போகலாம். நடக்கும்போது தோள் வரை அதிர்கிறது. அந்த நொடியில் கம்பை உயர்த்திவிடக் கூடாது. மீன் ஃப்ளையை எடுத்துக்கொண்டு திரும்பட்டும். திரும்பினால் முள் தானாகவே வாயின் ஓரத்தில் பதியும். இதைக் கைக்குப் பழக்க எனக்கு இரண்டு வசந்தங்கள் பிடித்தன.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தக்கைதான் வெல்லும். பெரும்பாலான நாட்களில் அதுதான் அதிக மீன் தருகிறது. இதை ஊசல்காரர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காரணம் மீனின் உடம்பில் இருக்கிறது. அது குளிர்ரத்த உயிர். நீர் 3, 4 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது இரையைத் துரத்தும் தெம்பு அதற்கு இல்லை. மூக்குக்கு நேராக வருவதை வாங்கிக்கொள்ளும். தக்கை இரையை மூக்கருகே கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஊசல் ஃப்ளையோ மீன் எழுந்து ஒரு மீட்டராவது நகர்ந்து வரவேண்டும் என்று கேட்கிறது. நீர் 6, 7 டிகிரியைத் தாண்டினால் அதற்கு மீன் சம்மதிக்கிறது. வெயிலடிக்கும் ஏப்ரல் நாளில் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே நீர் இரண்டு மூன்று டிகிரி ஏறக்கூடும். காலை எட்டு மணிக்குத் தக்கை சரியாக இருந்த அதே மடுவில் மதியம் இரண்டு மணிக்கு ஊசல் சரியாக இருப்பதன் கணக்கு இதுதான்.

இனி நீரின் நிறம். கலங்கல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வசந்தத்தில் அதற்கு இரண்டு பிறப்பு உண்டு. பனி உருகிக் கலங்கும் நீர் குளிர்ந்த நீர். மட்டம் உயர உயர வெப்பம் இறங்கும், மீன் அடியோடு ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான மழையால் கலங்கும் நீரோ வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அதன் பின்னாலேயே ஏரியிலிருந்து புதுமீன் ஆறேறும். பார்வைக்கு இரண்டும் ஒரே பழுப்பு. வெப்பமானியை நனைத்தால்தான் வித்தியாசம் தெரியும். பனிக் கலங்கல் என்றால் கரையோர மந்தநீரில், தக்கைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் உறுத்தும் ஆரஞ்சு முட்டை. மழைக் கலங்கல் என்றால் மட்டம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறும் நீரில் இலையும் சருகும் முள்ளில் மாட்டிக்கொண்டே இருக்கும். எந்த முறையும் வேலைக்கு ஆகாது. இறங்கத் தொடங்கி, பழுப்பு போய்ப் பச்சை படரும்போது, காலணி அரைகுறையாகத் தெரியும் அந்த ஒன்றிரண்டு நாட்கள் ஊசலுக்கென்றே வாய்த்தவை. வெளிச்சம் மங்கியிருப்பதால் மீனுக்கு அச்சம் குறைவு. கறுப்பு ஃப்ளையின் நிழலுருவம் பெரிதாகத் தெரியும். புதுமீன் ஓட்டத்தின் நடுவிலேயே இளைப்பாறும். அந்த நாட்களில் தக்கைக் கம்பை நான் வண்டியிலிருந்து எடுப்பதே இல்லை.

நீர் வற்றித் தெளிந்துவிட்டால் மறுபடியும் தக்கை. ஆறு பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்பு, சிறிய ஃப்ளை, தூர நின்று வீசுவது. தெளிந்த நீரில் விரல் நீள ஊதா ஃப்ளையைக் கண்டு மீன் ஒதுங்கிப் போவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, மிச்சிகன்காரர்கள் 'எறிந்துவிட்டுக் குனி' என்று பெயர் வைத்திருக்கும் ஒரு முறை இருக்கிறது. கனத்த ஈயத்தை மெல்லிய நரம்பில் எறிந்து ஆற்றடியில் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டு போவது. ஆழமும் வேகமும் சேர்ந்த பெருநீரில் தக்கை தோற்கும்போது இது அடியைத் தொடும். அந்த அளவுக்கு மதிக்கிறேன். ஆனால் வாய்க்கு வெளியே, செதிலிலும் துடுப்பிலும் முள் மாட்டுவது இதில் அதிகம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எந்த ஆறு என்பதும் இந்த ஒப்பீட்டில் சேரும். பெர் மார்க்கெட்டின் முதன்மை ஓட்டத்தில் அணை கிடையாது. மணற்பாங்கான நிலத்தடி ஊற்றுகள் ஊட்டுவதால் பொதுவாக நிதானமான ஆறுதான். பெருமழை பெய்தால் மட்டும் நாட்கணக்கில் கலங்கிக் கிடக்கும். பால்ட்வின் ஊரருகே எம்-37 நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து கிளீசன்ஸ் லேண்டிங் வரையுள்ள பகுதியில் ஃப்ளை மட்டும்தான் அனுமதி. பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். அங்கே ஆறு குறுகல், விழுந்த மரங்கள் ஏராளம். ஊசல் போடுவதானால் 11 அடிக் குட்டைக் கம்பும் டி-8 முனையும் போதும். டி-14 முனையும் கனத்த ஃப்ளையும் அங்கே கட்டைக்குத்தான் இரை.

வடக்கே மானிஸ்டீ ஆற்றில் டிப்பி அணை இருக்கிறது. மேலிருந்து வரும் வண்டல் தேக்கத்தில் தங்கிவிடுவதால், பெர் மார்க்கெட் பழுப்பாக ஓடும் நாளிலும் அணைக்குக் கீழே காலணி தெரியும். கீழே பேர் கிரீக் ஓடை வந்து சேர்ந்தபின் அந்தச் சலுகை குறைந்துவிடும். எனவே மழைக்கு மறுநாள் அணைக்கு அருகில்தான் இடம் பிடிக்க வேண்டும். எல்லோரும் அதையே நினைப்பார்கள் என்பதால் விடியும் முன்பே. தெற்கே மஸ்கீகன் ஆற்றில், குரோட்டன் அணைக்குக் கீழே நியூவேகோ வரை அகலமான சரளைப் படுகை. 13 அடிக் கம்பின் முழு வீச்சுக்கும் அங்கே இடமுண்டு. ஊசல் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களை நான் அனுப்புவது மஸ்கீகனுக்கு; தக்கை கற்க விரும்புகிறவர்களை பெர் மார்க்கெட்டின் தெளிந்த மடுக்களுக்கு.

இரண்டு முறைகளையும் இன்னொரு தராசில் நிறுத்தாமல் விட முடியாது. ஏப்ரல் என்பது முட்டையிடும் காலம். மேலேறும் பெண்மீன் ஆழம் குறைந்த சரளையில் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்து அடித்துப் பள்ளம் பறிக்கிறது. சுற்றியுள்ள கற்களில் பாசியும் கறையும் இருக்க, பறித்த இடம் மட்டும் கழுவிவைத்ததுபோல் வெளிறித் தெரியும். முட்டைகள் அந்த வெளிறிய கற்களுக்குக் கீழே இருக்கின்றன. ஒரு காலடி போதும், அவை நசுங்கிவிடும். ஆரம்ப ஆண்டுகளில் நானும் தெரியாமல் அப்படி மிதித்து நடந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. அணையற்ற இந்த ஆற்றில் அடுத்த தலைமுறை மீன் அந்தச் சரளையிலிருந்துதான் வரவேண்டும்.

தக்கையின் ஆபத்து இங்கேதான். ஆழமற்ற சரளையில் கண்ணுக்கெதிரே தெரியும் மீனின் மூக்கின்மேல் முட்டை ஃப்ளையை இருபது, முப்பது முறை மிதக்கவிட அது வழிசெய்கிறது. அப்படிச் செய்கிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். இனம்பெருக்கிக்கொண்டிருக்கும் மீனை அங்கிருந்து இழுத்தெடுப்பதில் எந்தத் திறமையும் இல்லை. ஊசல் இயல்பாகவே நம்மை ஆழமான ஓட்டத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த வகையில் அது தூய்மையான முறை. தக்கைதான் வேண்டும் என்றால், வெளிறிய சரளைக்குக் கீழே நீர் இருண்டு ஆழமாகும் மடுவில் போடுங்கள். முட்டையிட்டு முடித்தவையும், இன்னும் தொடங்காதவையும், உருண்டுவரும் முட்டைக்குக் காத்திருக்கும் பிரவுன் டிரவுட்டும் அங்கேதான் வரிசையாக நிற்கும்.

ஏப்ரல் முடிந்து மே பிறக்கும்போது முட்டையிட்டு மெலிந்த மீன்கள் ஏரியை நோக்கி இறங்கத் தொடங்கும். நீர் 10 டிகிரியைத் தாண்டியிருக்கும். பசி வெறியாக இருக்கும். அப்போது ஒப்பீட்டுக்கே இடமில்லை. குஞ்சுமீன்போல் வெள்ளையும் பச்சையும் கலந்த ஃப்ளையை ஊசலில் விட்டால் மடுவின் வால்பகுதியில் துரத்தி வந்து அடிக்கும். களைத்த மீன் என்பதால் இழுபறியை நீட்டாமல், தடித்த நரம்பால் விரைவாகக் கரைக்குக் கொண்டுவந்து, நீரைவிட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருங்கள். செவுள் சீராக விரிந்து சுருங்கத் தொடங்கியதும் வால் ஒருமுறை உதறும். அப்போது கையை எடுத்துவிடலாம்.