விந்தணு ‘நில்’ என்று வந்தால்: மைக்ரோ டீஸியா, ரோஸியா, தானமா?

விந்துப் பரிசோதனையில் ‘நில்’, அதாவது விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்துவிட்டால், விசாரிக்க விசாரிக்க மூன்று வழிகள் காதில் விழும். விரையைத் திறந்து விந்தணுவைத் தேடி எடுக்கும் மைக்ரோ டீஸி ஒன்று. தேடியும் கிடைக்காவிட்டால், முதிராத அணுவையே கருமுட்டைக்குள் செலுத்தும் ரோஸி இன்னொன்று. மூன்றாவது, தான விந்தணு. இவற்றை ஒரே தராசில் வைத்துப் பேசுவது தப்பு. முதலாவதும் மூன்றாவதும் சிகிச்சைகள். நடுவில் இருப்பது இன்னும் ஆராய்ச்சிதான்.

அதற்கும் முன்னால், ஆணைச் சோதிக்க வேண்டும். நம் டெல்டாப் பக்கம் இன்னும் பெண்ணைத்தான் முதலில் அலைய வைக்கிறோம். திருக்கருகாவூருக்குக் கூட்டிப்போய்ப் படி மெழுகி, நெய் வாங்கிச் சாப்பிட்டு, ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து வருஷங்கள் போன பிறகே மாப்பிள்ளை பக்கம் பேச்சு வருகிறது. நேர்த்தி இருக்கட்டும். கூடவே அவருக்கும் ஒரு பரிசோதனை நடக்கட்டும்.

ஒரு ‘நில்’லை நம்பிவிடக் கூடாது. இரண்டு தடவையாவது கொடுத்து, மாதிரியைச் சுழற்றி, அடியில் படிவதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்புறம் உற்பத்தியே இல்லையா, உற்பத்தி இருந்தும் வழி அடைத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அடைப்புதான் என்றால் நல்ல செய்தி: ஊசியிலேயே விந்தணுவை எடுத்துவிடலாம். அது சரியாக நீந்தாது. 1992இல் வெளிவந்த இக்ஸி முறையில் ஒரே விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்துவதால், அது நீந்த வேண்டியதும் இல்லை. உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரான் ஊசி போடுகிற பையன்களுக்கும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் மாதங்களில் திரும்பிவிடும். அவசரமாக ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம்.

உற்பத்தியே பழுது என்றால்தான் மைக்ரோ டீஸி. வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி கண்டு விரை சுருங்கியவர்கள், விரை இறங்காமலே வளர்ந்தவர்கள் இதில் வருவார்கள். 1999இல் நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் விவரித்த முறை இது. நுண்ணோக்கியின் கீழ் விரையைத் திறந்தால் உள்ளே நூல் நூலாகக் குழாய்கள். வெறும் குழாய்கள் மெலிந்து தெரியும். அங்கங்கே ஒன்றிரண்டு பருத்து வெளுத்திருக்கும். அவற்றை மட்டும் கிள்ளி எடுத்துப் பக்கத்து மேசையில் தேடுவார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஆனால் போகும் முன் ஒய் குரோமோசோம் பரிசோதனை கட்டாயம். அதில் விந்தணு உற்பத்திக்கான ‘ஏ’ அல்லது ‘பி’ பகுதி முழுதாக இல்லை என்றால் கத்தி வைப்பதிலேயே அர்த்தமில்லை. ‘சி’ மட்டும் இல்லாவிட்டால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்கலாம்.

தேடியும் வால் உள்ள அணு ஒன்றும் சிக்கவில்லை என்றால்தான் ரோஸி பேச்சு. வால் முளைக்காத உருண்டை அணுவிலும் 23 குரோமோசோம்கள் இருக்கின்றன, கணக்குக்குக் குறைவில்லை. சிக்கல் வேறிடத்தில். சுற்றியுள்ள மற்ற உருண்டை அணுக்களிலிருந்து அதைப் பிரித்துக் காண்பதே கஷ்டம். கருமுட்டையைத் தட்டி எழுப்பும் சக்தியும் அதற்குப் போதாது, மின்சாரத் துடிப்பு போன்ற தூண்டல் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். ஜப்பானின் அட்சுஷி தனாகா குழு 2018இல் வெளியிட்ட கணக்கில் 721 ஆண்கள், 90 குழந்தைகள். இரண்டு வயது வரை அந்தக் குழந்தைகளின் வளர்ச்சி மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தது. மனசுக்கு நிறைவான செய்திதான். ஆனால் உலகத்திலேயே இதில் அதிகம் பழகிய கைகளுக்குக் கிடைத்த எண்ணிக்கை அது. சம்பா அறுத்த பணத்தையோ தாலிச் சங்கிலியையோ அதை நம்பி வைக்க நான் சொல்ல மாட்டேன். நீண்டு வால் தள்ளத் தொடங்கிய அணு கிடைத்தால் கதை வேறு. அது விந்தணுவுக்கு வெகு அருகில் வந்துவிட்டது.

தான விந்தணு என்றதும் ‘நம்ம ரத்தம் இல்லையே’ என்பார்கள். அந்த வலியைச் சின்னதாக்க எனக்கு மனமில்லை. ஆனால் மூன்றில் குழந்தை கைக்கு வரும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம், செலவும் இதற்குத்தான் குறைவு. 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற வங்கி வழியாகவே விந்தணு வர வேண்டும், கொடுத்தவருக்குக் குழந்தையின் மீது எந்த உரிமையும் கிடையாது, குழந்தைக்குச் சொந்தப் பிள்ளைக்குரிய எல்லா உரிமையும் உண்டு. ‘தம்பியோடதையே வச்சுக்கலாமே’ என்று வீட்டில் யாராவது சொன்னால், சட்டத்தில் அதற்கு இடமில்லை.

மைக்ரோ டீஸிக்குத் தேதி வாங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: அன்றைக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் என் மனைவியின் கருமுட்டைகளை என்ன செய்வீர்கள்? உறையவைப்பதா, தான விந்தணு சேர்ப்பதா என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே மனைவிக்குக் கருமுட்டை வளர்க்கும் ஊசியைத் தொடங்கச் சொல்லுங்கள்.