வெள்ளக்கால "அவசரப் பை" வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மழைக்காலம் நெருங்குகிறது. வாக்கி டாக்கி, பவர் பேங்க், பூட்டுப் போட்ட பெண்டிரைவ் என்று மூன்றையும் ஓர் ஆரஞ்சுப் பையில் போட்டு "வெள்ள அவசரப் பை" என்று விற்கிறார்கள். கோலாலம்பூர் நகர நடுவில் ஒரு கடைத்தொகுதியில் 890 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நான் ஒன்று வாங்கினேன். மூன்றுமே ஏமாற்று. பணத்தைவிடப் பெரிய இழப்பும் நடந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா வீடு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை, "தண்ணி மாடிப்படி ஏறுது" என்று அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை நாள் சத்தமே இல்லை. மின்சாரம் இல்லை, கைப்பேசியில் சார்ஜ் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தார். படகில் வந்து அவர்களை மீட்டார்கள். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், வீட்டு கெரான் (பட்டா) எல்லாம் சேற்றோடு போயின. அதன்பிறகு தேசியப் பதிவிலாகாவுக்கு அக்கா எத்தனை நடை நடந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் என்னைக் கடைக்கு அனுப்பியது.

கடைக்காரர் நம் ஆள். "அண்ணே, அம்பது கிலோமீட்டர் பேசலாம். யாரும் ஒட்டுக் கேக்க முடியாது. எல்லாம் ராணுவத் தரம்." விலைகூடப் பேசவில்லை நான்.

முதலில் பெண்டிரைவைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் என்னை உடைத்தது. 2 டெராபைட், அதாவது 2,000 ஜிபி, என்று எழுதியிருந்தது. கணினியில் போட்டாலும் அப்படித்தான் காட்டியது. குடும்பப் பத்திரங்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினேன். என் கைப்பேசி நிறைந்திருந்ததால் படங்கள், வீடியோக்கள் என்று 190 ஜிபியை அதற்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்ததை அழித்துவிட்டேன். அப்பா தவறுவதற்கு முந்தின தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வீடியோவும் அதில் இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் திறந்தேன். கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதிகூட இருக்கிறது. அழுத்தினால் பெரும்பாலானவை திறக்கவில்லை, அந்த வீடியோவும்தான்.

பக்கத்துத் தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பி ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டி, மறுநாள் விளக்கினார். உள்ளே இருந்தது 32 ஜிபி சில்லு. அதை நடத்தும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதி, "நான் 2 டெராபைட்" என்று கணினியிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். 32 நிறைந்த பிறகு வருவதை வாங்கிக்கொள்வதுபோல் காட்டும், எங்கேயும் எழுதாது. சில மாடல்களில் பழையதன் மேலேயே எழுதிவிடும். எழுதாத ஒன்றை எந்த மீட்பு மென்பொருளாலும் மீட்க முடியாது. அவர் ஓட்டிய சோதனையின் பெயர் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, இலவசம். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. இரண்டுமே டிரைவை நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கிய எந்தப் பெண்டிரைவிலும் இதை ஓட்டாமல் ஒரு படத்தைக்கூட வைக்காதீர்கள். அப்புறம், சோதித்த பிறகும் மூலத்தை அழிக்காதீர்கள்.

"பாஸ்வேர்ட் பூட்டு" என்று கடைக்காரர் சொன்னாரே, அது ஒரு கோப்புறையை மறைக்கும் சின்ன நிரல், அவ்வளவுதான். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றியதும் எல்லாம் வெளியே தெரிந்தன. உண்மையில் குறியாக்கம் செய்ய, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்ட, வேராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கரும் உண்டு. கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வாக்கி டாக்கிக்கு வருவோம். ஐம்பது கிலோமீட்டராம். செந்தூலில் வீட்டில் மகளை நிற்க வைத்துவிட்டு ஒரு செட்டோடு நடந்தேன். ஒரு கிலோமீட்டர் தாண்டவில்லை, கரகரப்புதான். இந்த அலைகள் நேர்க்கோட்டில் போகிறவை, அடுக்குமாடிகள் மறித்துவிடும். பெட்டியில் போடும் தூரமெல்லாம் ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு உச்சிக்குப் பேசும் கணக்கு. ஸ்ரீ மூடாவுக்கும் செந்தூலுக்கும் இது எந்தக் காலத்திலும் எட்டாது.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. மகள் "அப்பா, சாவி எங்க வெச்சீங்க?" என்று கேட்க, நான் இடத்தைச் சொல்கிறேன். அடுத்த நிமிடம் அதே சேனலில் ஏதோ குடியிருப்பின் நேப்பாளக் காவலாளிகள் பேசுவது தெளிவாகக் கேட்டது. எனக்கு அவர்கள் குரல் வருகிறது என்றால் அவர்களுக்கு என் குரல் போயிருக்கும். "தனிமைக் குறியீடு" என்று அந்தச் செட்டில் இருப்பது மற்றவர் குரலை நம் ஸ்பீக்கரில் அடக்கும் தொனி மட்டுமே. நாம் பேசுவதை அது மூடாது. அதே சேனலில் தொனி போடாமல் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்கலாம்.

செட்டில் சிரிம் (மலேசியத் தரச் சோதனை நிறுவனம்) சோதனை லேபலும் இல்லை. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிப்படி, பொதுமக்கள் தனி உரிமம் இல்லாமல் பேச 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் செட்டுகள் உண்டு. எனக்குக் கொடுத்ததோ பல அலைவரிசைகளில் அனுப்பக்கூடிய, வானொலி ஆர்வலர்கள் தேர்வெழுதி உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் வகை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பவர் பேங்கில் 50,000 எம்ஏஹெச் (மின்கலக் கொள்ளளவின் அளவு) என்று போட்டிருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், 210 கிராம். பவர் பேங்குக்குள் வைக்கும் வழக்கமான 18650 வகை மின்கலச் செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம், நல்ல செல்லே 3,500 எம்ஏஹெச்தான். அப்படியானால் 50,000க்குப் பதினைந்து செல் வேண்டும், செல் மட்டுமே 675 கிராம். எடையே பொய்யைக் காட்டிவிட்டது. என் கைப்பேசியை ஒரு தடவை நிரப்பிவிட்டு அணைந்தது.

கடைக்குத் திரும்பிப் போனேன். "பெட்டி பிரிச்சாச்சுண்ணே" என்றார். ரசீதில் "அக்செசோரி, 890" என்று மட்டும் இருந்தது. அங்கேதான் நான் தவறியிருக்கிறேன். ஒவ்வொரு பொருளின் பெயரும் கொள்ளளவும் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். பெட்டியில் அச்சடித்த எண்களும் சோதனை முடிவின் படமும் இப்போது என் சாட்சி.

இதேபோன்ற ஆரஞ்சுப் பை வாங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் நீங்களும் மனு போடலாம். இன்றைக்கே பெண்டிரைவைச் சோதித்துவிடுங்கள், உங்கள் கைப்பேசியில் மூலப் படங்கள் இன்னும் இருக்கும்போதே.